வாடுவது இலை, கெட்டது வேர்

நிரையிலே நூறு இளம் பால்மரங்கள் செழித்து நிற்கும்போது, ஒன்றின் இலைகள் மட்டும் பளபளப்பு இழந்து, வெளிறிச் சுருண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "வெயில் அதிகம், மழை பெய்தால் தேறிவிடும்" என்று விட்டுவிடுவோம். அப்படி விடலாகாது. இலை வாடத் தொடங்கும்போது மண்ணுக்கடியில் வேர் பெரும்பாலும் அழுகிப்போயிருக்கும். இதுவே வெள்ளை வேர் நோய்.

ரப்பர் மரத்தில் இந்நோய் 1904-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் காணப்பட்டது. இதற்குக் காரணம் ரிஜிடோபோரஸ் என்னும் ஒருவகைப் பூஞ்சைக் காளான். அது காட்டு மரங்களிலும் வாழும். காட்டை அழித்த இடத்திலும், பழைய ரப்பரை வெட்டி மறுநடவு செய்த இடத்திலும், மண்ணுக்குள் விட்டுவைத்த அடிக்கட்டைகளும் வேர்களுமே அதற்கு உணவு. அவற்றிலிருந்து வெள்ளை நூல்களாகக் கிளம்பி, வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்தைப் பற்றிக்கொள்ளும். ஈரமண்ணில் மக்காத கட்டை கிடந்தால் நோய்க்குக் கொண்டாட்டம்தான்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மரத்தின் தூரைச் சுற்றிக் காய்ந்த இலையையும் புல்லையும் குவித்து வையுங்கள். சில வாரம் கழித்து விலக்கிப் பாருங்கள். வேர்ப்பட்டையோடு வெள்ளை நூல்கள் இறுக ஒட்டியிருந்தால் அந்த மரத்துக்கு நோய் உண்டு. தூரில் மஞ்சள் விளிம்புடைய ஆரஞ்சு நிறக் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

செய்யவேண்டியது என்ன? நடவுக்கு முன்பே பழைய கட்டைகளை வேரோடு அகற்றவேண்டும். நடும் குழியில் கந்தகத் தூள் கலப்பது நோயைத் தடுக்க உதவும். நிரைகளுக்கு இடையே பியூரேரியா போன்ற மூடுகொடி படர்ந்தால் கட்டைகள் விரைவில் மக்கும். செத்த மரத்தை மேலே வெட்டினால் மட்டும் போதாது; அதன் வேர்களையும் தோண்டி எடுத்து, பக்கத்து மரங்களின் தூரையும் சோதிக்கவேண்டும். மரவள்ளியையும் இந்நோய் பற்றும். ஆகவே நோய் கண்ட இடத்தில் அதை நடாதீர்கள்.

ஒரு கன்று கத்தி போடும் பருவத்துக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அது செத்தால் அத்தனை ஆண்டு உழைப்பும், இனி வரவேண்டிய பாலும் சேர்ந்தே போகும். இலை வாடும்வரை காத்திராமல் வேரைப் பாருங்கள். நோயை முதலில் காணக்கூடியவர், நாள்தோறும் நிரையில் நடக்கும் நீங்களே.