டாட் மடிப்பும் கணினித் திரையும்

துணி தட்டையானது, மனித உடல் தட்டையானதன்று. தையற்கலையின் சிரமம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. மார்பில் அகன்றும் இடையில் ஒடுங்கியும் இருக்கும் உடலுக்குத் துணியைப் பொருத்த வேண்டுமாயின், மிகையான பகுதியை எங்கேனும் மடித்து மறைக்க வேண்டும். ஆப்பு வடிவில் மடித்து, கூராக முடியும்படி தைக்கும் அந்த மடிப்பையே ‘டாட்’ என்கிறோம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். மார்புச் சுற்றளவு 92 சென்ரிமீற்றர், இடைச் சுற்றளவு 72 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். நான்கில் ஒரு பங்கு முறையே 23, 18. வித்தியாசம் 5. இதில் 2 சென்ரிமீற்றரைப் பக்கத் தையலைச் சரித்து வெட்டுவதால் குறைக்கலாம். எஞ்சிய 3 சென்ரிமீற்றரே இடை டாட்டின் அகலம். டாட்டின் கூர் மார்பின் உயர்ந்த புள்ளியை நோக்கியிருக்க வேண்டும். ஆயினும் அதற்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் முன்னரே முடிந்துவிட வேண்டும். இல்லாவிடில் துணி அவ்விடத்தில் கூம்புபோலத் துருத்தி நிற்கும்.

“நாம் அணிவது தளர்வான அபாயா, எமக்கு டாட் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். முன்பக்கத் துணி மார்பின் மேலாக ஏறி இறங்குவதால் அதற்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அது கிடைக்காதபோது முன்விளிம்பு மேலே தூக்கும். கமக்கட்டிலிருந்து சரிவான சுருக்கங்கள் விழும். பக்கத் தையலில் ஒரு சிறிய டாட் வைத்தால் ஆடை உடலை இறுக்காமலே நேராகத் தொங்கும். தளர்வும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இந்த வேலையைக் கணினியிலும் செய்யலாம். உக்ரேனைச் சேர்ந்த ரோமன் தெலெஜின்ஸ்கி தொடங்கிய வலன்ரீனா, அதிலிருந்து பிரிந்து வளர்ந்த சீம்லி ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணைய இணைப்பின்றியே வரையலாம். இவற்றில் கோட்டின் நீளத்தை வெறும் எண்ணாகக் கொடுக்காமல், ‘மார்பு ÷ 4’ என்பது போன்ற சூத்திரமாகக் கொடுக்கலாம். அளவுகள் தனிக் கோப்பில் இருக்கும். அளவை மாற்றினால் படம் முழுவதும் தானாக மாறும். அட்சரகணிதத்தில் நாம் கற்கும் மாறி இங்கே துணியை வெட்டுகிறது.

டாட்டை இடம் மாற்றுவது கேத்திரகணிதம். தோளில் உள்ள டாட்டைப் பக்கத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம் என்போம். முதலில் அதன் கூரை மார்புப் புள்ளி வரை நீட்ட வேண்டும். பக்கத் தையலிலிருந்து அதே புள்ளிக்கு ஒரு கோடு வரைந்து வெட்டி, இடைப்பட்ட துண்டைச் சுழற்றினால் தோள் டாட் மூடும். பக்கத்தில் புதியது திறக்கும். இங்கே மாறாதது கோணம், மாறுவது அகலம். மார்புப் புள்ளியிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள தோளில் டாட் 5 சென்ரிமீற்றர் அகலமாயின், 10 சென்ரிமீற்றர் தூரத்திலுள்ள பக்கத்தில் அது 2 சென்ரிமீற்றர்தான். அங்கேயும் 5 வைப்பவர் துணியைப் பாழாக்குவார். சுழற்றிய பின்னர் கூரை மீண்டும் பின்னிழுத்துக் குறுக்க வேண்டும்.

அடுத்தது கால்களைச் சரிபார்த்தல். டாட்டின் இரு கால்களும் சம நீளமாக இருக்க வேண்டும். மடித்த நிலையில் விளிம்பு ஒரே கோடாக வருவதற்கு, விரித்த தாளில் அவ்விடம் சிறு கூரைபோல வெளியே நீண்டிருக்கும். கையால் வரைபவர் தாளை மடித்து வெட்டி இதைப் பெறுவார். மேற்கூறிய மென்பொருள்களில் இதற்கெனத் தனிக் கருவி உண்டு. பின்னர் ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டலாம். அச்சிடும்போது அளவு 100 வீதமாக இருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் 5 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை வரைந்து வைத்து, அச்சிட்ட பின் அடிமட்டத்தால் அளந்து பார்ப்பது நல்லது.

ஆனால் கணினிக்குக் கண் இல்லை. மார்பு 92 உள்ள இருவரில் ஒருவருக்கு முதுகு அகலமாக இருக்கும். மற்றவருக்கு முன்பக்கம் நிறைந்திருக்கும். நாடா இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். டாட்டோ வேறுபட வேண்டும். எனவே பழைய படுக்கை விரிப்பில் ஒருமுறை தைத்துப் பார்ப்பது அவசியம். கமக்கட்டிலிருந்து சுருக்கம் விழுந்தால் டாட்டை அகலமாக்க வேண்டும். கூர் முனை குமிழ்போல எழுந்தால் டாட்டின் அகலத்தைக் குறைக்கவோ நீளத்தைக் கூட்டவோ வேண்டும்.

இது எமது பிரதேசத்துக்கு ஏன் முக்கியம்? கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் விடியல், வானவில் ஆகிய ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. எமது யுவதிகள் பலர் மெஷினின் முன் அமர்ந்து, பிறர் வரைந்து வெட்டிய துண்டுகளைத் தைக்கின்றனர். அது மதிப்புள்ள உழைப்பே. எனினும் அந்தத் துண்டை வரையத் தெரிந்தவருக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புடைவை, ஆடைப் பொறியியலுக்கென ஒரு துறையே உண்டு. பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரம் போன்ற ஊரில் வீட்டிலிருந்தே தைக்கும் பெண்ணுக்கும் இது பயன்படும். வாடிக்கையாளரின் அளவுகளைக் கோப்பில் சேமித்து வைத்தால், அடுத்த பெருநாளுக்கு மீண்டும் முதலிலிருந்து வரையத் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் கணினியின் முன் அமர்ந்து கோடுகளை வரைந்தால் அதை விளையாட்டு என எண்ணிவிடாதீர்கள். தைப்பதற்காக ஒருவர் எம்மிடம் தரும் துணி அமானிதம். வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. திரையில் வரைந்த கோட்டை எத்தனை தடவையும் அழித்துத் திருத்தலாம். தவறுகளைத் திரையிலே முடித்துக்கொண்டு, பிறகு கத்தரிக்கோலை எடுப்பதே அறிவுடைமை.