ஐஸ்லாந்து பண்ணையில் அஞ்சு நாள் ஸ்வெட்டர் பின்னலாம்... ஆனா, எதுக்காகப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

ராத்திரி பதினொரு மணி. தூக்கம் வராம ரீல்ஸ் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. திடீர்னு ஒரு வீடியோ. பச்சைப் புல்வெளி, அதுக்கு நடுவுல ஒரு பண்ணை வீடு, ஜன்னலுக்கு வெளியே செம்மறியாடுகள். உள்ளே நாலஞ்சு பேர் கையில் கம்பளி நூலும் ஊசியுமா சிரிச்சுப் பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. 'அடுத்த லீவுக்கு இங்கதான்'னு உடனே சேவ் பண்ணி வெச்சிருப்பீங்க.

இதுக்குப் பேர் 'கிராஃப்ட் ரிட்ரீட்'. ஒரு கைத்தொழிலை, அது பிறந்த மண்ணிலேயே சில நாள்கள் தங்கிக் கத்துக்கிறது. தங்குற இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் வாங்குவாங்க. மண்பாண்டம், கூடை முடையறது, சாயம் போடுறதுன்னு பல நாடுகள்ல பலவிதமா நடக்குது. அதுல கம்பளிக்குப் பேர் போனது ஐஸ்லாந்து. அங்க போனா என்ன நடக்கும், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு பார்ப்போம்.

ஆட்டுக்கே ரெண்டு சட்டை!

ஐஸ்லாந்து மக்கள்தொகை சுமார் 4 லட்சம்தான். கோடையில் குட்டிகளையும் சேர்த்து எண்ணினா, மனுஷங்களைவிட ஆடுகள்தான் அதிகம். ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாடி கப்பலேறி வந்து குடியேறியவங்க கொண்டு வந்த ஆடுகளோட வம்சம் இது. வேற இனத்தோட பெருசா கலக்காமலே இன்னிக்கு வரை வந்திருக்கு.

இந்த ஆட்டோட ரோமத்துல ரெண்டு அடுக்கு இருக்கு. வெளியே இருக்கிறது 'தோக்'. நீளமா, முரடா இருக்கும், மழைத்தண்ணியை உள்ளே விடாது. உள்ளே இருக்கிறது 'தெல்'. பஞ்சு மாதிரி மெதுவா இருக்கும், சூட்டைப் பிடிச்சு வைக்கும். ரெயின்கோட்டும் ஸ்வெட்டரும் ஒண்ணா போட்டுக்கிட்ட மாதிரி!

ரெண்டையும் சேர்த்து எடுக்கிற நூல்தான் 'லோப்பி'. அதுல பின்னுற, கழுத்தைச் சுத்தி வட்டமா டிசைன் வர்ற ஸ்வெட்டருக்குப் பேர் 'லோபாபெய்சா'. இதைப் பார்த்தா ஏதோ வைகிங் காலத்து உடைன்னு தோணும். உண்மையில், இந்த வட்டக் கழுத்து டிசைன் பிரபலமானது 20-ம் நூற்றாண்டின் நடுவுலதான். நம்ம தாத்தா பாட்டி வயசுதான் அதுக்கும்.

அஞ்சு நாள் எப்படிப் போகும்?

ரிட்ரீட்டுக்கு ரிட்ரீட் மாறும். பொதுவா காலையில் பயிற்சி, மதியம் பக்கத்துப் பண்ணைக்கோ கம்பளி மில்லுக்கோ ஒரு நடை, சாயங்காலம் மறுபடி எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பின்னுறதுன்னு போகும்.

முதல் நாளே உங்க பொறுமைக்குச் சோதனை. லோப்பியில் முறுக்கே ஏத்தாத ஒரு வகை உண்டு. தட்டு மாதிரி சுத்தி விப்பாங்க. கொஞ்சம் வேகமா இழுத்தா பட்டுனு அறுந்துடும். 'ஐயோ போச்சே'ன்னு நிமிர்ந்து பார்த்தா, சொல்லிக் கொடுக்கிறவங்க பதறவே மாட்டாங்க. ரெண்டு நுனியையும் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, லேசா ஈரம் பண்ணி, உள்ளங்கையில் வெச்சுத் தேய்ப்பாங்க. ஒட்டிக்கும். முடிச்சு தெரியாது. ஊர் வழக்கத்துல அந்த ஈரம் எச்சில்தான். கூச்சமா இருந்தா தண்ணி தொட்டுக்கலாம்!

சில இடங்கள்ல சாயப் பாடமும் இருக்கும். பிர்ச் மர இலை, ருபார்ப் செடியோட வேர், லூபின் பூன்னு சுத்துவட்டாரத்துல கிடைக்கிறதைப் பறிச்சுக் கொதிக்க வைப்பாங்க. சாயம் நூல்ல நல்லாப் பிடிக்க என்ன சேர்க்கிறாங்க தெரியுமா? நம்ம வீட்டுப் படிகாரம். இதுல லூபின் அந்த ஊர்ச் செடியே இல்லை. மண் அரிப்பைத் தடுக்க 1945-ல் அலாஸ்காவிலிருந்து கொண்டு வந்தாங்க. இப்போ அது மலையெல்லாம் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கி ஒரு தலைவலியா நிக்குது. அதனால லூபினைப் பறிக்கறதுல குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் ஒரே அறையில் கூடுறாங்களே, அது ரிட்ரீட்காரங்க புதுசா கண்டுபிடிச்சது இல்லை. மின்சாரம் வர்றதுக்கு முன்னாடி, நீண்ட குளிர்கால ராத்திரிகள்ல பண்ணை வீட்டுல ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து கம்பளி வேலை பார்ப்பாங்க. ஒருத்தர் மட்டும் விளக்குப் பக்கத்துல உட்கார்ந்து பழைய வீரக்கதைகளைச் சத்தமா வாசிப்பார். இதுக்கு 'க்வோல்ட்வாகா'ன்னு பேர். மாலை விழிப்புன்னு அர்த்தம். அப்போ பின்னல் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. பின்னின காலுறையும் கையுறையும் கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்குப் போன சரக்கு.

கத்திரிக்கோல் நேரம்!

லோபாபெய்சாவைக் குழாய் மாதிரி வட்டமாவே பின்னுவாங்க. அப்போ முன்பக்கம் திறக்கிற, ஜிப் வெச்ச ஸ்வெட்டர் எப்படி வரும்? முழுசாப் பின்னி முடிச்சதும், நடுவுல ரெண்டு வரிசை தையல் போட்டு, கத்திரிக்கோலை எடுத்து நேரா வெட்டிடுவாங்க!

ஆமாங்க, நாள்கணக்கா உட்கார்ந்து பின்னினதைத்தான். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். ஆனா, பிரியாது. அந்தக் கம்பளியோட மயிர் ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிடிச்சுக்கும், தையலும் தாங்கும். இதை யூடியூப்ல நூறு தடவை பார்த்திருந்தாலும், கத்திரிக்கோல் உங்க கையில் இருக்கும்போது வர்ற நடுக்கம் வேற. பக்கத்துல ஒருத்தர் நின்னு, 'வெட்டுங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றாங்க பாருங்க... அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவு தூரம் போறது. பெரும்பாலும் பயிற்சிக்குன்னு பின்னின சின்னத் துண்டுலதான் வெட்டச் சொல்வாங்க. பயப்படாதீங்க.

செப்டம்பர்ல போனா...

ஜூன், ஜூலையில் ராத்திரியே இருட்டாது. ஆனா, அப்போ பண்ணையில் ஆடு அதிகம் இருக்காது. கோடை முழுக்க மலை மேல தானா மேய விட்டுடுவாங்க. செப்டம்பர்ல குதிரையில் போய்த் தேடி ஓட்டிக்கிட்டு வருவாங்க. வட்டமான ஒரு பெரிய பட்டி. சக்கரத்தோட ஆரம் மாதிரி அதுல அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு பண்ணைக்கு. நடுவுல எல்லா ஆட்டையும் விட்டு, காதுல இருக்கிற அடையாளத்தைப் பார்த்து, 'இது உன்னுது, இது என்னுது'ன்னு பிரிப்பாங்க. இதுக்குப் பேர் 'ரெட்டிர்'. ஊரே திருவிழா மாதிரி கூடும், பாட்டும் உண்டு.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். பண்ணைக்காரங்களுக்கு முக்கிய வருமானம் கறிதான், கம்பளி இல்லை. மலையிலிருந்து இறங்கி வர்ற குட்டிகள்ல நிறைய, அடுத்த சில வாரங்கள்ல இறைச்சிக்கூடம் போயிடும். மனசு தாங்காதுன்னா அந்த மாசத்தைத் தவிர்த்துடுங்க. ரோமம் கத்தரிக்கிறதைப் பார்க்கணும்னாலும் செப்டம்பர் சரிப்படாது. பெரும்பாலும் ஆடுகளைக் கொட்டகையில் அடைச்ச பிறகு, நவம்பர் வாக்குலதான் கத்தரிப்பாங்க.

காசு, விசா... உஷார்!

ஐஸ்லாந்து விலைவாசி உலகத்துலேயே அதிகமான இடங்கள்ல ஒண்ணு. விமான டிக்கெட், ரிட்ரீட் கட்டணம் எல்லாம் சேர்த்தா லட்சக்கணக்குலதான் வரும். ஈ.எம்.ஐ போட்டுப் போற அளவுக்கு இது அவசரம் இல்லை.

ஐஸ்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்லை. ஆனா ஷெங்கன்ல இருக்கு. அதனால இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 15 நாள் முன்னாடி. ஆனா அவ்வளவு தள்ளிப் போடாதீங்க. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேணும். விசா மறுத்தா ரிட்ரீட் பணம் திரும்பக் கிடைக்குமான்னு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதிக் கேளுங்க.

முக்கியமான விஷயம் இனிமேதான். 'பண்ணையில் தினமும் சில மணி நேரம் வேலை பாருங்க, சாப்பாடும் தங்கலும் ஃப்ரீ'ன்னு விளம்பரங்கள் வரும். இந்த மாதிரி ஏற்பாடு 1971-ல் இங்கிலாந்துல ஆரம்பிச்சு உலகம் முழுக்கப் பரவினது. ஏற்பாட்டுல தப்பில்லை. ஆனா, சம்பளம் வாங்கலைன்னாலும், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உழைச்சா பல நாடுகள்ல அது வேலைதான். டூரிஸ்ட் விசாவுல போய் அதைச் செஞ்சா நீங்க சிக்கல்ல மாட்டிக்கலாம். காசு கொடுத்துக் கத்துக்கப் போற ரிட்ரீட் வேற, உழைப்பைக் கொடுத்துத் தங்குறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* அடிப்படைப் பின்னலை வீட்டுலேயே பழகிடுங்க. கண்ணி போடவும், நேரா, தலைகீழா பின்னவும் தெரிஞ்சா போதும். அங்க போய் ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டா, பாதி காசு அதுலயே போயிடும்.
* சைவம்னா முன்கூட்டியே சொல்லிடுங்க. பண்ணைச் சாப்பாட்டுல ஆட்டுக்கறி சூப்தான் ராஜா. தயிர் மாதிரி கெட்டியான 'ஸ்கிர்' உங்களைக் காப்பாத்தும்.
* கத்திரிக்கோலை செக்-இன் பையில் வைங்க. ஊசியைக் கையில் கொண்டு போகலாமான்னு விமான நிறுவனத்துக்கிட்ட கேட்டுக்கோங்க.
* குளிக்கும்போது சுடுதண்ணியில் கந்தக வாடை வந்தா பயப்படாதீங்க. பல இடங்கள்ல அது பூமிக்கடியிலிருந்து வர்ற வெந்நீர்.

கடைசியில் என்னதான் கிடைக்கும்?

நிச்சயமா ஒரு முழு ஸ்வெட்டர் கிடைக்காது. பழகின கைக்கே ஒரு லோபாபெய்சாவுக்கு 20, 30 மணி நேரம் ஆகும். அஞ்சு நாள்ல உங்க கையில் இருக்கப்போறது ஒரு பாதி ஸ்வெட்டர், நாலு தடவை பிரிச்சுப் பின்னின கழுத்துப்பட்டை, கொஞ்சம் சாயம் ஏறின நகம். 'இதுக்கா இவ்வளவு செலவு?'ன்னு தோணினா, இந்தப் பயணம் உங்களுக்கானது இல்லை. அழகான ஸ்வெட்டர்தான் வேணும்னா ரெய்க்யவிக் கடையில் வாங்கிக்கலாம். 'ஐஸ்லாந்து லோபாபெய்சா'ங்கிற பேருக்கு 2020-லிருந்து நம்ம புவிசார் குறியீடு மாதிரி சட்டப் பாதுகாப்பு இருக்கு. அந்த நாட்டு ஆட்டோட கம்பளியில், அந்த நாட்டிலேயே, கையால பின்னினதுக்குத்தான் அந்தப் பேர்.

ஆனா, பின்னிப் பார்த்துட்டு அதே கடைக்குள்ள போங்க. விலைச்சீட்டைப் பார்த்ததும் முதல்ல 'யம்மாடி'ன்னுதான் வரும். அடுத்த நிமிஷம் உங்க மனசே கணக்குப் போடும். இத்தனை மணி நேரம், இத்தனை தடவை பிரிச்சது, இத்தனை ராத்திரி கண்ணு வலிச்சது. விலை அதிகமில்லை, குறைவுன்னு தோணும்.

ஊருக்குத் திரும்பின பிறகும் இந்தக் கணக்கு விடாது. ரோட்டோரத்துல கூடை முடையற அக்காகிட்ட, '300 ரூபாயா? 200-க்குக் கொடுங்க'ன்னு கேட்க வாய் வராது. கையில் ஊசி பிடிச்சவங்களுக்கு இன்னொருத்தர் கையோட அருமை தெரிஞ்சுடும்.

அந்தப் பாதி ஸ்வெட்டர் அலமாரியில் காத்துக்கிட்டே இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வரலைன்னா, போனைக் கவிழ்த்து வெச்சுட்டு ரெண்டு வரிசை பின்னிப் பாருங்க. தப்பாப் போனா பிரிச்சுக்கலாம்!