எதிரே மூணு பேர்... பெட்டா, செக்கா?

2003-ம் ஆண்டு. லாஸ் வேகாஸில் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேரில் மிச்சமிருந்தது இருவர்தான். ஒருவர் சாம் ஃபர்ஹா, பல வருடங்களாகத் தொழிலாகவே ஆடுபவர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர். பட்டப்பெயர் இல்லை, நிஜமாகவே குடும்பப் பெயர் அதுதான்! இணையத் தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்த டென்னஸி மாநிலக் கணக்காளர்.

மணிமேக்கரின் கையில் ஸ்பேடு கிங்கும் ஹார்ட்டின் 7-ம். மேஜையில் விரிந்த ஐந்து சீட்டில் எதோடும் அவை சேரவில்லை. ஒரு ஜோடிகூடக் கிடையாது. ஆனாலும் இருந்த சிப்ஸ் அத்தனையையும் முன்னே தள்ளினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா யோசித்து, யோசித்து, கடைசியில் சீட்டைக் கீழே போட்டுவிட்டார். பட்டத்தோடு 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போனது.

இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்த ஆட்டத்தில் அதே வித்தையைக் காட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது ஒன்றுதான். மணிமேக்கர் ஏமாற்ற வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆளை.

போக்கர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், அது பெட். எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடலாம், அது செக். யாராவது பெட் வைத்தால் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல ஒதுங்கிவிட வேண்டும்.

பணத்துக்குப் பதில் புளியங்கொட்டை என்றே வைத்துக்கொள்வோம். நடுக்குவியலில் 100 கொட்டை. உங்கள் கையில் ஒன்றுமில்லை. 50 கொட்டை பெட் வைத்து மிரட்டுகிறீர்கள். எதிராளி பத்தில் ஆறு முறை பயந்து ஒதுங்குவார் என்று கணக்கு. எதிரே ஒருவர் என்றால், நூறு முறை செய்தால் 60 முறை 100 கொட்டை கிடைக்கும். 40 முறை 50 போகும். வரவு 6,000, செலவு 2,000. நல்ல வியாபாரம்!

அதே பெட்டை மூன்று பேருக்கு எதிரே வையுங்கள். மூவரும் ஒரே நேரத்தில் ஒதுங்க வேண்டும். அது நூற்றுக்கு 22 முறைதான் நடக்கும். வரவு 2,200, செலவு 3,900. சீட்டு மாறவில்லை, துணிச்சல் மாறவில்லை. ஆள் கூடியது, அவ்வளவுதான்.

நல்ல சீட்டுக்கும் இதே கதிதான். இரண்டு ஏஸ்தான் ஆட்டத்தின் மிக உயர்ந்த தொடக்கம். எதிரே ஏதோ இரண்டு சீட்டோடு ஒருவர் இருந்தால், கடைசிவரை போனால் 100-க்கு 85 முறை ஜெயிக்கும். மூன்று பேர் என்றால் 64. ஐந்து பேர் என்றால் 49! (அதற்காக ஏஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு பேர் ஆட்டத்தில் பாதி வெற்றி என்பது பெரிய விஷயம்.)

இப்போது ஒரு கை. உங்களிடம் ஏஸ், கிங். எதிரே மூவர். நடுவில் ஹார்ட்டின் 9, ஹார்ட்டின் 8, கிளாவர் 4. பார்க்க ராஜ கம்பீரமான கை, ஆனால் எதுவும் சேரவில்லை. ஜோடியில்லாத இரண்டு சீட்டு முதல் மூன்றோடு சேர்ந்து ஒரு ஜோடியாவது பிடிப்பது சுமார் மூன்றில் ஒரு முறை. மூவரில் ஒருவருக்காவது ஏதோ மாட்டியிருக்க 70 சதவிகித வாய்ப்பு. பேசாமல் செக்.

அதே இடத்தில் உங்கள் கையில் இரண்டு 9 இருந்தால்? மூன்று ஒன்பது! பலர் இங்கேதான் நடிப்பில் இறங்குவார்கள், பலவீனமாக இருப்பதுபோல செக் சொல்லி. எனக்கு அது பிடிக்காது. ஐந்தும் ஒரே ஜாதியாகச் சேர்ந்தால் மூன்று ஒன்பதை வீழ்த்திவிடும். கையில் இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவருக்கு அடுத்த சீட்டிலேயே இன்னொன்று வர ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? குவியலில் மூன்றில் இரண்டு பங்கு பெட் வையுங்கள். கூட்டம் இருந்தால் ஈடுகட்டவும் ஆள் கிடைக்கும்.

நீங்களே ஹார்ட்டினுக்குக் காத்திருப்பவர் என்றால், கையில் ஹார்ட்டின் ஏஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 7, 6 என்று சின்ன ஹார்ட்டின்களோடு கூட்டத்தில் பெரிய பெட் வைத்தால், ஆசைப்பட்ட சீட்டு வந்தும் உங்களைவிடப் பெரிய ஹார்ட்டின் வைத்திருப்பவரிடம் தோற்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தாலும் ஆட்டம் புளியங்கொட்டையோடு இருக்கட்டும். ஆன்லைன் சூதாட்டக் கடனால் நேர்ந்த தற்கொலைகளுக்குப் பிறகுதான் தமிழ்நாடு 2022-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டமோ, திறமை விளையாட்டாகவே இருந்தாலும், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை போட்டுவிட்டது.

நிஜமான தலைவலி நடுத்தரக் கைதான். கையில் கிங், 10. நடுவில் கிங், 8, 3. கிங் ஜோடி உண்டு, ஆனால் இன்னொருவரிடம் கிங்கோடு ஏஸோ குயினோ இருந்தால் தோல்வி. முதலில் பேச வேண்டியவர் நீங்கள் என்றால் செக் சொல்லுங்கள். பின்னால் மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஒருவர் பெட் வைத்து, இன்னும் ஆள் பாக்கி இருக்கும்போதே இன்னொருவர் ஈடுகட்டினால், அந்த இரண்டாவது ஆளிடம் பெரும்பாலும் நல்ல சீட்டு இருக்கும், ஒதுங்குவதே லாபம். நீங்கள் கடைசியாகப் பேசுபவராக இருந்து, முன்னால் மூவரும் செக் சொல்லிவிட்டார்களா? குவியலில் மூன்றில் ஒரு பங்கு பெட் வையுங்கள். யாராவது திருப்பிப் பெரிதாக ஏற்றினால், கிங்கைப் பார்த்து ஆசைப்படாமல் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.