பொங்கல் விடுமுறையில் ஒரு விஞ்ஞானப் பணி



விஞ்ஞானி என்றதும் நம் கண்முன் தோன்றுபவர் வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நிற்கும் ஒருவர். அவர் கண்டுபிடிப்பார், நாம் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதுவோம். விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகச் சென்று பாடுபட்டன. அது மேலிருந்து நம்மை நோக்கி வரும் பாதை. நம்மிடமிருந்து விஞ்ஞானத்துக்குப் போகும் பாதையும் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்தேன்.

பறவைகளுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. இந்தியா முழுவதும் எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று அறிய வேண்டுமானால், ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களில் ஆட்கள் நின்று பார்க்க வேண்டும். அத்தனை விஞ்ஞானிகளுக்கு எங்கே போவது? ஆகவே பொதுமக்களிடம் உதவி கேட்கிறார்கள்.

இது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் முன்பு கிறிஸ்துமஸ் நாளில் இரு அணிகளாகப் பிரிந்து, யார் அதிகப் பறவைகளைச் சுடுவது என்று போட்டி வைப்பது சிலருடைய வழக்கம். (பாலன் பிறந்த நாளை இப்படியும் கொண்டாடியிருக்கிறார்கள்!) ஃபிராங்க் சாப்மன் என்னும் பறவையியலார், "சுட வேண்டாம், எண்ணுங்கள்" என்றார். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது.

நம் பக்கத்து மக்களோ அதற்கும் முந்தியவர்கள். திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள வேடந்தாங்கலில், ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சத்தால் நீர் உரமாகிப் பயிர் செழிப்பதை உழவர்கள் கண்டறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை பெற்றனர். இது நடந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்கள் கண்ணால் கண்டு, காரணம் அறிந்து செய்த காரியம் அது.

நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கழுவெளி இருக்கிறது. மரக்காணம், வானூர் வட்டங்களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்துப் பெரியது. பனிக்காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. "அங்கே நிறையப் பறவைகள் வருமே" என்ற பேச்சு மட்டும் ஒரு நீர்நிலையைக் காப்பாற்றாது, எண்ணிக்கை வேண்டும். 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் கூடும் நீர்நிலை உலக முக்கியத்துவம் உடையது என்பது ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. அந்த இருபதாயிரத்தை யாரோ ஒருவர் சேற்றோரம் நின்று எண்ணித்தானே ஆக வேண்டும்?

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பறவை ஆர்வலர்களே முன்நின்று நடத்துகிறார்கள். நமக்குத் தேவையானவை கண்ணும் காதும் ஒரு குறிப்பேடும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி எழுத வேண்டும். பிறகு அதை "இ-பேர்ட்" என்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது. இன்று உலகெங்கும் பயன்படுகிறது. நம் பகுதியில் வரமுடியாத பறவையை யாராவது எழுதிவிட்டால், அனுபவமுள்ள தொண்டர் ஒருவர், "படம் உண்டா? எப்படி அடையாளம் கண்டீர்கள்?" என்று கேட்டு எழுதுவார். தேர்வுக்கூடக் கண்காணிப்பாளரைப் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காக்கையையும் மைனாவையும் எதற்காக எழுதுவது என்று நானும் முதலில் கேலி செய்தேன். காரணம் இதுதான். ஓர் ஊரிலிருந்து வந்த 100 பட்டியல்களில் 60இல் ஒரு பறவை இருக்கிறது என்போம். பத்தாண்டு கழித்து 40இல்தான் இருக்கிறது என்றால், அது குறைந்து வருகிறது என்று ஐயுறலாம். பார்த்த எல்லாவற்றையும் எழுதினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதும் செய்திதான்.

இதை நான் கற்றது எங்கள் வீட்டு மாடியில். முதல் நாள் காலை காகம் 14, மைனா 6, தவிட்டுக்குருவி 7, கரிச்சான் 1 என்று எழுதிவிட்டு, கடைசியில் "சிட்டுக்குருவி 5" என்றும் சேர்த்தேன். வடகம் காயவைத்துக் கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார்கள்.

"குருவிய எங்கடி பாத்த?"

"எப்பவும் வருமே, ஆயா."

"எப்பவும் வர்றத எழுதச் சொன்னாங்களா, இன்னைக்குப் பாத்தத எழுதச் சொன்னாங்களா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பட்டியல் நிறைவாக இருக்கட்டுமே என்ற ஆசையில் ஒரு பொய்யை எழுதியிருந்தேன். நான் ஒருத்தி எழுதினால் என்ன ஆகிவிடும் என்றுதான் தோன்றியது. ஆனால் அப்படி எண்ணும் ஆயிரம் பேர் இருந்தால், காணாமல் போன குருவிகூடக் காகிதத்தில் பறந்து கொண்டிருக்கும்.

அந்தக் குருவியைப் பற்றியே ஒரு செய்தி. கைபேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவிட்டது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். 15,500க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 2020இல் வெளிவந்தது. சென்னை போன்ற பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும், நாடு முழுவதையும் நோக்கினால் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது அவ்வறிக்கை. கோபுரங்கள்தான் காரணம் என்பதற்கும் தக்க சான்று இல்லை.

ஆனால் எவரும் கவலைப்படாத ஒரு பறவை குறைந்திருக்கிறது. 30,000 பேருடைய பதிவுகளைக் கொண்டு 2023இல் வந்த அடுத்த அறிக்கை, பனங்காடை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துவிட்டது என்றது. பட்டுப்போன பனை மரத்துப் பொந்திலும் கூடு வைக்கும் பறவை அது. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். பறக்கும்போதுதான் இறக்கையின் நீலம் பளிச்சிடும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தால், வயலோரத்து மின்கம்பியில் காணலாம். எங்கும் இருக்கிறதே என்று நாமும் எழுதாமல் விட்டிருந்தால், அது குறைவது யாருக்குத் தெரிந்திருக்கும்?

முதல் நாள் பட்டியலில் குருவியை அடித்துவிட்டேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு, ஆயா தூவிய நொய்யைக் கொத்த மூன்று குருவிகள் வந்தன. மூன்று என்றே எழுதினேன்.