மாதிரிப் புகையிரத எஞ்சினும் அளவுத்திட்டமும்

இங்கிலாந்திலே நீராவிப் புகையிரத எஞ்சின்களைச் சிற்றுருவிற் செய்து ஓட்டுவோர் பலர் உளர். அவை கண்ணாடிப் பேழையுள் வைக்கும் பொம்மைகளல்ல. நிலக்கரியை எரித்து, செய்தவரையே பின்னாலிருத்தி இழுப்பவை. 3½ அங்குலப் பாதையில் ஓடும் எஞ்சின், 4 அடி 8½ அங்குலப் பாதைக்குரிய மூல எஞ்சினில் ஏறக்குறைய 16இல் ஒரு பங்கு. எனவே மூலத்தின் அளவுகள் யாவற்றையும் 16ஆல் வகுத்தாற் போதுமென எண்ணத் தோன்றும். அவ்வாறு செய்த எஞ்சின் பார்வைக்கு அழகாயிருக்கும், ஓட்டத்துக்கு உதவாது.

இயற்கை அளவுத்திட்டத்துக்கு அடங்குவதில்லை. நீளம் 16இல் ஒன்றாகும்போது பரப்பு 256இல் ஒன்றாகவும், கனவளவு 4096இல் ஒன்றாகவும் குறையும். ஆகவே கொதிகலத்து நீரின் அளவை நோக்க, வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு மூலத்திலும் 16 மடங்காகிறது. சூடான வாயு செல்லும் 2 அங்குலக் குழாய் 1/8 அங்குலமாகிவிடின், சாம்பல் அதனை அடைத்துவிடும். ஆதலின் அறிந்தோர் குழாய்களின் தொகையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்குவர். ஆணியறைந்த உருக்குத் தகட்டுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டை வெள்ளிப் பற்றாசு கொண்டு பொருத்துவர். இதனை ஏமாற்றென்பது பேதைமை. 1920ஆம் ஆண்டுகளில், இத்துணைச் சிறிய கொதிகலம் நிலக்கரியால் இயங்குமோ என்ற வாதம் எழுந்தபோது, 'எல்.பி.எஸ்.சி.' என்னும் புனைபெயருடையார் 2½ அங்குலப் பாதையில் ஓடும் தமது 'அயேஷா' எஞ்சினால் ஆளை இழுத்துக் காட்டினார்.

கொதிகலத்தை முதலில் நீரமுக்கத்தாற் சோதித்தல் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தலில் இயங்க வேண்டியதாயின், 160 இறாத்தல்வரை சோதிப்பது வழக்கம். காற்றை இதற்குப் பயன்படுத்தலாகாது. அமுக்கப்பட்ட காற்று கலத்தைப் பிளந்தெறியும், நீரோ கசிவதோடு நின்றுவிடும்.

பூட்டி முடித்த எஞ்சின் முதலில் நொண்டியே ஓடும். இரண்டு உருளைகளையுடைய எஞ்சினிற் சக்கரம் ஒருமுறை சுழல, புகைபோக்கியில் நான்கு ஒலிகள் சமமாக எழல் வேண்டும். ஒன்று உரத்தும் ஒன்று மெலிந்தும் கேட்பின், வால்வு இடம் பிசகியுள்ளதோ என முதலிற் பார்க்க வேண்டும். நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையாற் சுழற்றி, ஆடுதண்டு இரு முனைகளையும் அடையும்போது துவாரம் எவ்வளவு திறக்கிறதென நோக்கி, இரண்டும் ஒக்கும்வரை வால்வை நகர்த்துவர். இங்கே 1/64 அங்குலப் பிழை, மூல எஞ்சினிற் கால் அங்குலப் பிழைக்கு ஒப்பாகும்!

ஒலி ஒத்த பின்னரும் தீ மங்குமாயின், பலரும் நிலக்கரியையே பழிப்பர். பெரும்பாலும் குற்றம் புகைபோக்கியின் அடியிலுள்ளது. உருளையிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கியின் நடுவே நேராக எழுந்தால்தான் அடுப்பினூடு காற்றை இழுக்கும். நேரான கம்பியொன்றை அந்நீராவிக் குழாயின் வாயிற் செருகி மேலிருந்து பார்த்தால், சாய்வு உடனே தெரிந்துவிடும்.