கூட்டில் இட்ட தீனியும் குளத்து மீனும்

குளத்தில் இயல்பாக வாழும் மீனுக்குத் தீனியிடுவார் எவருமிலர். ஞாயிற்றின் ஒளியும் நீரிற் கரைந்த உப்புக்களும் பாசியை வளர்க்கின்றன; பாசியைச் சிற்றுயிர்கள் உண்கின்றன; இவ்விரண்டையும், அடியிற் படிந்த உக்கிய பொருளையும் மீன்கள் உண்கின்றன. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா எமது குளங்களிற் பெருகியதும் இவ்வுணவைக் கொண்டேயாம். ஆனால், நீர்த்தேக்கத்தில் வலைக்கூடுகளை மிதக்கவிட்டு, அவற்றுள் மீனை அடைத்து வளர்க்குமிடத்து இவ்வொழுங்கு மாறுகின்றது. அம்மாற்றம் யாதென ஈண்டு நோக்குவாம்.

கூட்டு மீனுக்கு இடும் தீனியுருண்டைகள் வெளியிலிருந்து வருவன. கடல்மீன் மா, சோயா மா போன்றவற்றாற் செய்யப்படுவன. அவற்றுள் ஒரு பகுதி உண்ணப்படாது வலைக்கண் வழியே கீழே வீழ்கின்றது. அதனை நாடி வெளிமீன்கள் கூட்டைச் சூழ்ந்து திரள்கின்றன. பாசி மேய்ந்தும் பூச்சி தேடியும் வாழ்ந்தவை வீழும் தீனிக்குக் காத்து நிற்கின்றன. அவற்றின் குடலைத் திறந்தால் அத்தீனியைக் காணலாம். தசையிலுள்ள காபன், நைதரசன் ஆகியவற்றின் சமதானிகளை அளந்தால், நெடுநாளாக எதனை உண்டன என்பதும் புலப்படும். கூட்டை அணுகாத மீனின் உணவும் மாறுகின்றது. கழிவிலுள்ள நைதரசனும் பொசுபரசும் பாசியைப் பெருக்குதலே அதற்குக் காரணம்.

மீனுக்கு உணவு மிகுதல் நன்மையன்றோ என வினவலாம். அளவோடிருக்கும் வரை நன்மையே. இந்தோனேசியாவின் மேற்கு யாவாவில், சித்தாரும் ஆற்றின் குறுக்கே 1980களிற் கட்டப்பட்ட சாகுலிங், சிராத்தா நீர்த்தேக்கங்களால் நிலமிழந்த குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கக் கூட்டு மீன்வளர்ப்புப் புகுத்தப்பட்டது. மேல்வலையிற் கெண்டையும், அதன்கீழ் வேறொரு வலையில் திலாப்பியாவும் வளர்த்து, வீழும் தீனியையும் பயன்கொண்டனர். ஆயினும் கூடுகள் பல்லாயிரமாகப் பெருகின. எம்மீனும் உண்ணாத எச்சம் அடியிற் படிந்து அழுக, ஆழ்நீரில் ஒட்சிசன் அருகிற்று. மழைக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கீழிறங்க, ஒட்சிசனற்ற ஆழ்நீர் மேலெழும். அவ்வாறு எழுந்த காலங்களிற் கூட்டு மீன்கள் திரளாக மடிந்தன. வெளிமீன் நல்ல நீரை நாடி விலகலாம். அடைபட்ட மீனுக்கு அவ்வழியுமில்லை. முன்னர் நிலமிழந்தோர் பின்னர் மீனையும் இழந்தனர்.

எமது குளங்களின் நீர் துருசு வழியே வயலுக்குச் செல்வது, சிலவிடங்களிற் குடிநீருமாவது. கோடையில் அது வற்றிச் சுருங்குவதும் நாம் அறிந்ததே. ஆதலின், கூடு மிதக்கவிடுமுன் கோடையில் எஞ்சும் நீரின் அளவையும், வீழும் தீனியை உண்ணவல்ல மீன்களின் தொகையையும் ஆராய்ந்து, கூடுகளின் எண்ணிக்கையை வரையறுத்தல் வேண்டும். இவ்வாராய்ச்சியின் முதற்படி எமது மாணவர்க்கும் எட்டாததன்று. சந்தையில் வாங்கிய குளத்துத் திலாப்பியா ஒன்றின் குடலில் உள்ளதை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பாராயின், அக்குளம் தன் மீனுக்கு இன்று எதனை ஊட்டுகின்றது என்பதைத் தாமே கண்டறிவர்.