கோவைக்காரர் நரேனின் விடாப்பிடி

திருவனந்தபுரம்: கார் பந்தயம் என்றதும், அது காசுள்ளவன் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நம்மவர் வழக்கம். சாலை கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரும் அதைத்தான் சொல்வார். ஆபீசில் பைல் புரட்டுகிறவரும் அதைத்தான் சொல்வார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனின் கதையைப் பார்த்தால், காசு பாதி வழிதான் கொண்டுபோய் விடும் என்று தெரிகிறது.

1977 ஜனவரி 14-ல் பிறந்தவர் நரேன். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். ஆகவே எஞ்சின் சத்தம் வீட்டிலேயே பழகிய ஒன்று. அதே கோவையில்தான் கரிவரதன் என்பவர் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த 'பார்முலா மாருதி'யைத்தான். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் மறைந்தார். போத்தனூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கிருந்து கோவைக்கு ரயிலேறுகிறவர்கள் அதற்குச் சில மைல் தொலைவில்தான் கடந்து போகிறார்கள்.

1992-ல், 15 வயதில், பிரான்சிலுள்ள வின்பீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றார் நரேன். 1994-ல் பிரிட்டனின் பார்முலா போர்டு குளிர்காலப் போட்டித் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் அப்படி ஒரு பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன். 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் பார்முலா 1 காரைச் சோதனைக்காக ஓட்டினார்.

இனிமேல் கதவு திறந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். திறக்கவில்லை. 2004 பருவத்துக்கு மினார்டி அணி அவருக்கு இடம் தர முன்வந்தது. ஆனால் அதற்கான விளம்பரப் பணத்தைத் திரட்ட முடியாமல் அந்த இடம் கை நழுவிப் போயிற்று. பந்தயத்தில் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் தோற்பது வேறு விஷயம். இருந்தும் அடுத்த ஆண்டே ஜோர்டான் அணியில் சேர்ந்து, 2005 மார்ச் 6-ல் மெல்போர்னில் இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநராகக் களமிறங்கி 15-வதாக வந்தார்.

அந்த ஜூன் 19-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 4-வது இடம், 5 புள்ளிகள். டயர் பாதுகாப்புத் தகராறில் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் தொடங்குமுன்பே ஒதுங்கிக்கொள்ள, ஓடியவை ஆறே கார்கள். இதைச் சொல்லி இளக்காரம் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அன்று பந்தயத்தை இறுதிவரை ஓட்டி முடித்தாக வேண்டியிருந்தது அவருக்கும்தானே!

பிறகு வில்லியம்ஸ் அணியில் இரண்டு ஆண்டு சோதனை ஓட்டுநர் வேலை. 2010-ல் பத்மஸ்ரீ. 2011-ல் எச்.ஆர்.டி. என்ற, வரிசையின் வாலில் ஓடிய அணியில் மீண்டும் பார்முலா 1. தகுதிச் சுற்றில் முதல்வரின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் பிந்தினால் பந்தயத்தில் இடமில்லை என்பது விதி. 2011-லும் 2012-லும் மெல்போர்ன் வரை போய், அந்த விதியால் ஓட்டாமலே திரும்பினார். 2011-ல் பருவத்தின் நடுவே அவரை எடுத்துவிட்டு டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞரை அமர்த்தினார்கள். அக்டோபர் 30-ல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயில் மட்டும் திரும்ப வாய்ப்புக் கிடைத்தது. நரேன் 17-வது, அதே ரிக்கியார்டோ 18-வது.

2012-க்குப் பிறகு பார்முலா 1-ல் அவருக்கு இடமில்லை. ஜப்பானுக்குப் போனார். அங்கே 2019 நவம்பரில் பியூஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் கலந்து ஓடிய பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42.